சலுகையால் வெல்லும் எதிராளி

ஒருவர் தம் நகர்வுகளை முடித்த பிறகே அடுத்தவருக்கு முறை வரும் கணினி விளையாட்டுகளை முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டுகள் என்பர். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது, சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைக்க 1991-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்'. ஓர் ஊரை நிறுவித் தொடங்கி, விண்வெளிக் காலம்வரை ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுப்பதே இதன் ஆட்டம்.

நான்காம் பாகம்வரை ஒரே கட்டத்தில் படைகளைக் குவிக்க முடிந்தது. 2010-இல் வந்த ஐந்தாம் பாகமோ அறுகோணக் கட்டங்களை அமைத்து, ஒன்றில் ஒரு போர்ப்படைதான் நிற்கலாம் என்று விதித்தது. மனிதருக்கு இது நல்ல விருந்து. கணவாயின் வாயில் ஈட்டிவீரரை நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் வில்லாளரை வைத்துவிட்டால், கணினி அனுப்பும் பெரும்படையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மடியும்.

கணினி திணறுவதற்குக் காரணம் உண்டு. சதுரங்கத்தில் ஒரு முறைக்குப் பொதுவாக ஒரு காய்தான் நகரும். இங்கோ எல்லாப் படைகளும் நகரலாம் என்பதால், பத்துப் படைகளுக்குத் தலா பத்து வழிகள் இருந்தாலே சேர்க்கைகள் ஆயிரம் கோடி ஆகிவிடும். அத்தனையையும் அலச இயலாத நிலையில், பின்னால் நிற்கவேண்டிய கவண்பொறி கோட்டைக்கு முன்னே தனியே போய் நிற்க, அதைக் காக்கவேண்டிய வாள்வீரர் பின்னே நெரிசலில் சிக்கிக்கொள்கின்றனர்.

இக்குறையை மறைக்கவே கணினிக்குச் சலுகைகள் தரப்படுகின்றன. 2016-இன் ஆறாம் பாகத்தில் 'டெயிட்டி' என்னும் உச்சநிலையில் மனிதர் ஒரே குடியேற்றக் குழுவுடன் தொடங்க, கணினி மூன்றுடன் தொடங்குகிறது. இதனால் தொடக்கம் கடினமாகிறதே தவிர எதிராளி கெட்டிக்காரர் ஆவதில்லை. முதல் நெருக்கடியைத் தாண்டியவருக்கு மீதி ஆட்டம் வெறும் சடங்குதான்.

2025-இன் ஏழாம் பாகம் சில படைகளை ஒரு தளபதியின்கீழ்ச் சேர்த்து நகர்த்த வழிசெய்து நெரிசலைக் குறைத்தது. இது சரியான திருத்தம். ஆட்டத்தை யுகங்களாகப் பிரித்து, மௌரியராக ஆடியவர் அடுத்த யுகத்தில் சோழராக மாறலாம் என்றது மட்டும் கசப்பான மருந்து.

புதிய நாகரிகங்களைச் சேர்ப்பதைவிட எதிராளியைத் தேற்றுவதே முதற்பணி. ஐந்தாம் பாகத்தின் ஆட்ட விதிகளை இயக்கும் மூலநிரலைத் தயாரிப்பாளரான ஃபிராக்சிஸ் வெளியிட்டதால்தான், ஆர்வலர்கள் 'வோக்ஸ் பாப்புலி' என்னும் திருத்தப் பதிப்பை உருவாக்கி, கணினியின் போர்த்திறனையும் உயர்த்த முடிந்தது. ஏழாம் பாகத்துக்கும் அவ்வழியைத் தயாரிப்பாளர் திறந்துவிடவேண்டும்.