உஷார்! தை பிறக்கட்டும் என்று புதுக் காரை யார்டில் விட்டு வைக்காதீர்கள்

கோடிக்கணக்கில் விலை பேசி, ப்ளக்-இன் ஹைப்ரிட் எஸ்.யூ.வி. ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருக்கிறீர்களா? அந்த வண்டி இந்த நிமிடம் எந்த ஊரில், எந்த யார்டில் நிற்கிறது? அந்த இடத்தில் போன மழைக்குத் தண்ணீர் ஏறியதா? தெரியாது என்றால் இன்றைக்கே ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு, காயல்பட்டினம் என்று நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் தொழில் செய்து சேர்த்த பணத்தில் பெரிய வண்டி எடுப்பவர்கள் நம்மில் உண்டு. அந்த வண்டியை முத்தாரம்மன் சன்னதியில் நிறுத்தி மாலை போட ஆசைப்படாத குலசைக்காரர் யார்?

அந்த ஆசையில் தவறே இல்லை. வண்டி வந்து சேர்ந்த நாளுக்கும் நாம் எடுக்கப் போகும் நாளுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் ஆபத்து. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு உலகம் பார்த்த ஒரு சம்பவம் உண்டு.

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையைத் தாக்கியது. நியூவார்க் துறைமுக யார்டில், பின்லாந்தில் தயாராகிக் கப்பலில் வந்த ஃபிஸ்கர் கர்மா கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள சொகுசு ப்ளக்-இன் ஹைப்ரிட். கடல் பொங்கி யார்டுக்குள் புகுந்தது. உப்புத் தண்ணீரில் மூழ்கிய அந்தக் கார்களில் 16 எரிந்து கரிக்கட்டையாயின. மூழ்கிக் கெட்டவற்றையும் சேர்த்தால் நிறுவனம் இழந்தது முந்நூறுக்கும் மேற்பட்ட கார்கள். பெரிய லித்தியம் பேட்டரி தீயின் தொடக்கம் அல்ல என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. ஒரு காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் உப்பு நீர் போய், உப்பு படிந்து, சாதாரண 12 வோல்ட் இணைப்பில் ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கிறது. அந்தத் தீயைப் புயல் காற்று பக்கத்துக் கார்களுக்குக் கொண்டு போனது. அதே துறைமுகத்தில் அதே வெள்ளத்தில் டொயோட்டாவின் ஹைப்ரிட் கார் ஒன்று எரிந்தது, இன்னும் இரண்டு புகைந்தன. ஒரு கார்கூட உரிமையாளர் கைக்குப் போயிருக்கவில்லை.

பத்து வருடம் கழித்து, 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃபுளோரிடாவுக்குள் கடலைக் கொண்டு வந்தபோதும் இதே கதை. உப்பு நீரில் நனைந்த மின்சார வண்டிகள், தண்ணீர் வடிந்து நாள்கள் ஆன பிறகு தீப்பிடித்தன. அப்படி நனைந்த வண்டியைக் கட்டடங்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. வெள்ளத்தோடு முடிகிற ஆபத்து இல்லை இது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். மின்சாரத்தைக் கடத்தும், இணைப்புகளை அரிக்கும். மொட்டை மாடிக் கம்பி இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ப்ளக்-இன் ஹைப்ரிட்டுக்கு இதில் இரட்டை அடி. எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. நீர் ஏறிய வண்டியை யாராவது ஸ்டார்ட் செய்துவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் எஞ்சின் பூட்டிக்கொள்ளும். அடித்தளத்தில் இருக்கும் உயர் மின்னழுத்தப் பேட்டரியை நீர் புகாதபடி மூடித்தான் செய்கிறார்கள். ஆனால் நாள் கணக்கில் உப்புச் சேற்றில் கிடப்பதற்கு அந்த மூடி உத்தரவாதம் ஆகாது. சாதாரண டீசல் வண்டியில் போனால் எஞ்சின் போகும். இதில் எஞ்சினும் பேட்டரியும் ஒரே வெள்ளத்தில் போகும்.

“நம் வண்டி துறைமுகத்தில் இல்லையே, சென்னையில் ஷோரூம் யார்டில்தானே நிற்கிறது” என்று சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணைக் குடியிருப்பில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி மிதந்து போன காட்சியை நாமெல்லாம் கைப்பேசியில் பார்த்தோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மழை நம் பக்கம் திரும்பியது. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக் கிடந்தார்கள். அப்போது மார்கழி பிறந்த வேளை என்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் மார்கழியில் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? “மார்கழியில புதுசா எதுவும் எடுக்காண்டாம் அண்ணாச்சி, தை பொறக்கட்டும்.” கார்த்திகைக் கடைசியில் வந்து சேர்ந்த வண்டி, தை முதல் நாள் வரை யார்டில் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் அதிக ஆபத்தான வாரங்களில் சிலவற்றை அது திறந்த வெளியில் கழிக்கும். நல்ல நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பார்ப்போம். வண்டியைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு நாள் பாருங்கள் என்கிறேன்.

நாம் தள்ளிப் போடாவிட்டாலும் உலகம் தள்ளிப் போடுகிறது. 2023 நவம்பரில் செங்கடலில் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டு போன கேலக்ஸி லீடர், நம் பிபாவாவ் துறைமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்த கார் கப்பல். அதன் பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கின. 2025 ஆகஸ்ட் கடைசியில் சைபர் தாக்குதலுக்கு ஆளான ஜாகுவார் லேண்ட் ரோவர், செப்டம்பர் முழுக்கத் தன் ஆலைகளை மூடி வைத்து, அக்டோபரில்தான் படிப்படியாகத் திறந்தது. தசராவுக்கு வரும் என்று சொன்ன வண்டி இப்படி ஒரு தடங்கலில் இரண்டு மாதம் தாமதித்தால், வந்து இறங்குவது சரியாகப் புயல் காலத்தில். ஆகவே டெலிவரி மாதம் மாறியது என்று செய்தி வந்தால், வண்டி எங்கே நிறுத்தப்படும் என்ற கேள்வியையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான்.

பதிவுக்காக ஷோரூம் கொடுக்கும் ஃபாரம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில், இன்ன வண்டி இன்ன தேதியில் இன்னாருக்கு ஒப்படைக்கப்பட்டது என்றே எழுதப்படுகிறது. வண்டி யார்டில் நிற்கும்போதே பதிவு நடந்துவிட்டால், காகிதத்தில் அது உங்களிடம் வந்துவிட்ட வண்டி. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை யாருக்கு மாறுகிறதோ ஆபத்தும் அவருக்கே மாறும். பொருள் கைக்கு வந்ததா இல்லையா என்பது கணக்கில் இல்லை. ஒப்படைப்பு யாருடைய தவறால் தாமதமானதோ, அந்தத் தாமதத்தால் வரும் நஷ்டமும் அவர் தலையில்தான் என்கிறது அதே பிரிவு. “நாங்கள் ரெடி என்றோம், அவர்தான் தைக்கு எடுக்கிறேன் என்றார்” என்று ஷோரூம் எடுத்து வைக்கும் ஒரே ஒரு வாட்ஸாப் செய்தி எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போதும். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை யார்டுக்காரருக்கு உண்டுதான். ஆனால் வெள்ளம் இயற்கைச் சீற்றம் என்று அவர் வாதாடுவார், நீங்கள் வருடக்கணக்கில் அலைவீர்கள்.

தொகையையும் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். இரண்டரைக் கோடி வண்டிக்கு வரி மட்டும் 50 லட்சம். (கரண்டில் ஓடும் வண்டிக்கு வரி இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சலுகை முழுக்க பேட்டரியில் ஓடும் வண்டிக்கு. ஹைப்ரிட்டுக்குப் பச்சை நம்பர் பிளேட்டும் கிடையாது, ஜி.எஸ்.டி.யும் மின்சார வண்டிக்கு 5 சதவீதம், இதற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.) வண்டி மொத்தமாக வீணானால், சாதாரண காப்பீடு தருவது ஐ.டி.வி. எனப்படும் மதிப்பைத்தான். புத்தம் புது வண்டிக்கே விலையில் 5 சதவீதம் கழித்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள், அதாவது பன்னிரண்டரை லட்சம். கட்டிய வாழ்நாள் வரி அந்த மதிப்பில் சேராது. ஆக, சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்காக அறுபது லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போகும்.

ஆகவே பாலிசி போடும் முன்பே மூன்று கூடுதல் பாதுகாப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், எஞ்சின் பாதுகாப்பு, பேட்டரி பாதுகாப்பு. இன்வாய்ஸ் விலையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இருந்தால் வரிப் பணமும் சேர்ந்து வருமா என்று பாலிசி வாசகத்தைப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ஷோரூமில் அவசரமாக நீட்டும் காப்பீட்டில் இவை இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அதைவிட முக்கியமானது வரிசை. முதலில் வண்டியை நேரில் பாருங்கள். பிறகு இன்வாய்ஸ். பிறகு காப்பீடு, பதிவு. இவையெல்லாம் நீங்கள் எடுக்கும் அதே வாரத்தில் நடக்கட்டும். மாதக் கடைசி டார்கெட்டுக்காக “இன்றைக்கு பில் போட்டுவிடுகிறோம், வண்டியை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள்” என்பார்கள். மறுத்துவிடுங்கள். நல்ல நாளுக்குக் காத்திருந்தே தீர வேண்டும் என்றால், ஒப்படைக்கும் வரை எல்லா ஆபத்தும் விற்பவருடையது என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். சட்டமே “வேறு ஒப்பந்தம் இல்லாதவரை” என்கிறது, அந்த ஒப்பந்தத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நேரில் பார்க்கும்போது பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டியில் சேற்றுக் கோடு அங்கே காட்டிக் கொடுக்கும். கார்ப்பெட்டுக்கு அடியிலும் டிக்கி அடித்தளத்திலும் கை வைத்து ஈரம் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் பனிப்படலம், மட்கிய வாடை, எது இருந்தாலும் வேண்டாம். கம்ப்யூட்டர் ஸ்கேன் அறிக்கையும், உயர் மின்னழுத்தப் பேட்டரியின் நிலை அறிக்கையும் அச்சில் கேளுங்கள். சேஸி எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். 2011இல் கோவாவில் புதிய கார் என்று பணம் கட்டியவருக்கு 2009இல் தயாரான, ஏற்கெனவே ஓடிய கார் கொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் செய்த தவறுக்கு, அதை அறியாத தயாரிப்பு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பெரிய கம்பெனி பெயர் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிட முடியாது.

வீட்டிலும் வேலை இருக்கிறது. சார்ஜரைத் தரையோடு பொருத்தாதீர்கள். 2023 வெள்ளம் உங்கள் சுவரில் எங்கே கோடு போட்டதோ, அதற்கு நன்றாக மேலே, மழைச் சாரலும் கடற்காற்றும் நேராக அடிக்காத பக்கம் வையுங்கள். மணப்பாட்டில் கடலில் சேரும் கருமேனியாற்றை ஒட்டி வீடு இருப்பவர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். 7.4 கிலோவாட் சார்ஜருக்குத் தனி வயர், தனி எர்த், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் அவசியம். மின் வாரியத்தில் லோடு கூட்டுவதற்கு வண்டி வரும் முன்பே மனுக் கொடுத்துவிடுங்கள்.

காத்திருக்கும் நாள்களில் ஒரு திருட்டும் நடக்கிறது. “உங்கள் வண்டி வந்துவிட்டது, மீதிப் பணத்தை இந்தப் புதிய கணக்கில் போடுங்கள்” என்று அழைப்பு வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், ஷோரூமுக்கு நீங்களே பழைய எண்ணில் பேசுங்கள். அனுப்பிவிட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஏற்கெனவே உங்கள் பெயரில் பதிவாகி வண்டி யார்டில் நிற்கிறது என்றால், தை வரை காத்திருக்க வேண்டாம். முடிந்தால் மழைக்கு முன்பே எடுத்து வந்து மேட்டில் நிறுத்துங்கள், மாலையும் எலுமிச்சையும் தையில் ஆகட்டும். முடியாவிட்டால், உயரமான தளத்துக்கு மாற்றும்படி இன்றே மின்னஞ்சல் அனுப்பி, மாற்றிய பின் தேதியோடு புகைப்படமும் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது. நாளைக்கு நஷ்டம் என்று வந்தால், கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டியிருப்பதால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை எடுத்துக்கொள்ளாது. இரண்டு கோடி வரை மாநில ஆணையம், அதன் அமர்வு மதுரையில் இருக்கிறது. அதற்கும் மேலே என்றால் டெல்லியில் தேசிய ஆணையம். வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. அங்கே போய் நிற்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த மின்னஞ்சலும் புகைப்படமும், ஒப்படைக்கும் தேதி பற்றி ஷோரூம் எழுதிய ஒவ்வொரு வரியும்.