வீட்டுக்காரர் போடாத கையெழுத்து

பாங்காக்குக்குச் சுற்றுலா போய் ஓட்டலில் தங்கிவிட்டு வந்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்காது. வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார்கள். நாம் அறைச் சாவியோடு லிஃப்ட் பக்கம் நடந்துவிடுவோம். நம் பெயர், பாஸ்போர்ட் எண், எந்த ஓட்டல் என்ற விவரமெல்லாம் 24 மணி நேரத்துக்குள் தாய்லாந்தின் இமிக்ரேஷன் போலீசுக்குப் போயாக வேண்டும். அனுப்புவது ஓட்டலின் வேலை. நமக்கு அதில் ஒரு பாடும் இல்லை.

அதே ஊரில் வேலை கிடைத்து, வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறினால்தான் பாடு தெரியும். அங்கே அந்தத் தகவலைக் கொடுக்கவேண்டியவர் வீட்டுக்காரர். அவர் கொடுத்தாரா என்று குடியிருப்பவர் கேட்கமாட்டார். அப்படியொரு சடங்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரரும் சொல்லமாட்டார். மாதங்கள் கழித்து விசா நீட்டிப்புக்காக இமிக்ரேஷன் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்து போனால், அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்பார்: "டி.எம்.30 ரசீது எங்கே?"

டி.எம்.30 என்பது ஒரு படிவத்தின் எண். தாய்லாந்தின் 1979-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் இதன் வேர் இருக்கிறது. தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவர் ஒருவர் ஒரு வீட்டிலோ ஓட்டலிலோ வந்து தங்கினால், வீட்டின் தலைவரோ, சொந்தக்காரரோ, வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ, ஓட்டல் மேலாளரோ 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி இமிக்ரேஷன் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அலுவலகம் இல்லாத ஊரில் காவல் நிலையத்துக்கு. தவறினால் வீட்டுக்காரருக்கு 2,000 பாட் வரை அபராதம். ஓட்டல் மேலாளருக்கு 2,000 முதல் 10,000 பாட் வரை.

சட்டம் வீட்டின் தலைவரைக் குறிக்கும் தாய்ச் சொல் 'சாவ்பான்'. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் 'தபியன் பான்' என்றொரு பதிவுப் புத்தகம் உண்டு. நம் ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் யார் என்று அதில் எழுதியிருக்கும். அவர்களில் ஒருவர் சாவ்பான். பிறப்பு, இறப்பு, இடமாற்றம் எல்லாவற்றையும் அரசுக்குச் சொல்லும் பொறுப்பு அவருடையது. வெளிநாட்டு விருந்தாளி வந்ததைச் சொல்வதும் அந்தப் பழக்கத்தின் நீட்சிதான். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் தலையாரிக்குத் தெரிந்திருந்த கிராமத்தின் மனத்தோடு எழுதப்பட்ட விதி என்றே எனக்குப் படுகிறது. 1979 வாக்கில் தாய்லாந்துக்கு ஆண்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 லட்சத்தை எட்டவில்லை. 2019-ல் வந்தவர்கள் ஏறக்குறைய 4 கோடி. விதி மட்டும் அதேதான்.

நீண்ட காலம் இந்த விதி ஏட்டில் தூங்கியது. ஓட்டல்கள் அனுப்பிவந்தன, வீடுகளைப் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. 2018-ன் பிற்பகுதியிலிருந்து 'நல்லவர் உள்ளே, கெட்டவர் வெளியே' என்ற முழக்கத்தோடு இமிக்ரேஷன் போலீஸ் சோதனைகளைத் தீவிரமாக்கியது. 2019 மார்ச் வாக்கில் டி.எம்.30 தூசி தட்டி எடுக்கப்பட்டது. விசா நீட்டிக்கப் போனவர்களிடம் ரசீது கேட்டார்கள். இல்லையென்றால், முதலில் அதை முடித்து அபராதம் கட்டிவிட்டு வா என்றார்கள். பல அலுவலகங்களில் 800 பாட் வாங்கினார்கள். சில இடங்களில் அதற்கு மேலும்.

அந்தப் பணத்தைக் கட்டியது யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கடமை வீட்டுக்காரருடையது, குற்றம் வீட்டுக்காரருடையது, சட்டப்படி அபராதமும் அவருக்குத்தான். ஆனால் விசா முத்திரை வேண்டி வரிசையில் நிற்பவர் குடியிருப்பவர். அவருக்கு அவசரம், வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. எனவே தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு வந்தவர்கள் ஏராளம். தான் செய்யமுடியாத ஒரு காரியத்துக்காக, தான் செய்யாத ஒரு தவறுக்காக.

வீட்டுக்காரர்கள் ஒத்துழைக்கத் தயங்குவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகல், அடையாள அட்டை நகல், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டுத் தரவேண்டும். இன்னார் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று அரசுக்கு எழுதிக்கொடுப்பது அது. வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாதவருக்கு அந்தக் கையெழுத்து கசக்கும். இன்னும் சிலர் ஊரிலேயே இல்லை. பாங்காக்கின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் சொந்தமாக வாங்கலாம். வாங்கியவர் ஹாங்காங்கில் இருப்பார். வாடகையை முகவர் வசூலிப்பார். 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டிய அந்த 'வீட்டுத் தலைவர்' குடியிருப்பவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

இதைவிட வேதனை குடும்பங்களில் நடந்தது. தாய்லாந்துப் பெண்ணை மணந்து அவர் வீட்டில் வாழும் வெளிநாட்டுக் கணவரை எண்ணிப் பாருங்கள். வீடு மனைவியின் பேரில். கணவர் வேலையாக இரண்டு நாள் சிங்கப்பூர் போய்த் திரும்பினால், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மனைவி புதிதாகப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டுக்குள்ளேயே சியாங் மாய் போய் ஓட்டலில் ஓர் இரவு தங்கினாலும் சிக்கல்: ஓட்டல் தன் கடமையைச் செய்ததும் பதிவேட்டில் அவர் முகவரி சியாங் மாய் ஆகிவிடும், வீடு திரும்பியதும் மறுபடியும் மனைவி எழுதித்தர வேண்டும் என்றார்கள். இருபது ஆண்டு கூடவே வாழ்ந்த புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று பெண்டாட்டி போலீசுக்கு எழுதிக்கொடுப்பது! இணையத்தில் அனுப்பும் வசதி இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கான கணக்கைத் திறக்கவே ஆவணங்களைக் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் வீட்டுக்காரரின் பங்கு. வெளிநாட்டவரின் சொந்தப் பங்கு 37-ஆம் பிரிவில் தனியே இருக்கிறது. வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 90 நாளுக்கு மேல் தொடர்ந்து இருந்தால், ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை 'இங்கேதான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க வேண்டும். இது டி.எம்.47. நேரில் போகிறவர்கள் கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை கொடுக்கலாம். அதையும் தவறவிட்டுப் போனால் 2,000 பாட். அடுத்த தேதி குறித்த துண்டுச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். நாட்டைவிட்டு வெளியே போய்வந்தால் 90 நாள் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பாங்காக்கில் இதற்கான பெரிய அலுவலகம் நகரின் வடகோடியில், சேங் வத்தனா சாலை அரசு வளாகத்தில் இருக்கிறது. 2023 கடைசியில் மோனோரயில் ஓடத் தொடங்கும்வரை, பஸ்ஸிலோ டாக்சியிலோ போய்வருவதிலேயே ஒரு பொழுது போய்விட்டது.

மியான்மர், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்து மீன் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் உழைப்பவர்களுக்கு அந்த ஒரு பொழுது என்பது ஒருநாள் கூலி. தாய் எழுத்தும் தெரியாது. தரகருக்குக் காசு கொடுத்து முடிப்பவர்கள் அதிகம். டி.எம்.30 பற்றி உலகம் பேசியது ஆங்கிலம் பேசும் வெள்ளைக்காரர்கள் முறையிட்ட பிறகுதான். இந்தத் தொழிலாளர்களுக்கு முறையிட இடமே இல்லை. பாங்காக்கின் சீலோம் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு இன்றைக்கு வேலை விசாவில் வந்து கும்பிட்டுப் போகும் நம்மவர்களும் இதே வரிசையில் நிற்பவர்கள்தான்.

அரசு சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. மோசடிக் கும்பல்களும் தேடப்படும் குற்றவாளிகளும் சுற்றுலா விசாவில் வந்து வாடகை வீடுகளில் பதுங்குவது உண்மை. யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் பதுங்க வந்தவன் வீட்டுக்காரரிடம் படிவம் கேட்கமாட்டான். ரசீதுக்காக அலைவது, ஏற்கெனவே முகவரியும் வேலையும் விசாவும் பதிவில் உள்ள ஆசிரியர், பொறியாளர், ஓய்வூதியர். வலையில் சிக்குவது ஒளிந்துகொள்ளாத மீன்.

2019 ஆகஸ்டில் எதிர்ப்பு வலுத்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு கிளம்பியது. பாங்காக்கின் வெளிநாட்டுச் செய்தியாளர் சங்கத்தில் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். 2020 ஜூன் 30 முதல் ஒரு தளர்வு வந்தது. ஒருமுறை பதிவாகிவிட்ட வெளிநாட்டவர், தங்கும் அனுமதி செல்லுபடியாக இருக்கும்போது வெளியே போய் அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபடி படிவம் வேண்டாம். பாதிச் சுமை அதிலேயே இறங்கிவிட்டது. 2025 மே 1 முதல் நாட்டுக்குள் வருகிறவர்கள் வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையிலும் தங்கும் முகவரியைச் சொல்லிவிடுகிறார்கள். இருந்தும் 38-ஆம் பிரிவு அசையவில்லை. புது வீடு, புது விசா என்றால் வீட்டுக்காரர் மீண்டும் எழுதித்தர வேண்டும்.

தகவல் தரும் உரிமையைக் குடியிருப்பவருக்கே கொடுத்தால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி தீரும். தன் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, தானே பதிந்து, தானே பொறுப்பேற்க அவர் தயார். நடைமுறையில் பல அலுவலகங்கள் வீட்டுக்காரரின் நகல்களோடு அவர் வந்தால் வாங்கிக்கொள்ளவும் செய்கின்றன. நடப்பதைச் சட்டமாக எழுதிவைக்க ஏன் தயக்கம் என்று புரியவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் நிரப்பித்தர வேண்டிய, 'சி படிவம்' என்று வழங்கிவந்த படிவம். 1939-லும் 1946-லும் வெள்ளையர் ஆட்சியில் போட்ட சட்டங்களின் வழிவந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அவற்றின் இடத்தில் புதிய குடிவரவுச் சட்டம் வந்துவிட்டது. இடம் கொடுப்பவரின் கடமை அப்படியே தொடர்கிறது. ஓட்டல்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மாடியை வெளிநாட்டு மாணவருக்கு வாடகைக்கு விடும் சென்னைக் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாய்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீடு பார்க்கும்போது, இரண்டு மாத முன்பணத்தை எண்ணிக்கொடுக்கும் முன்பே, டி.எம்.30 கொடுப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். கொடுப்பேன் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகலையும் அடையாள அட்டை நகலையும் கையெழுத்தோடு அன்றைக்கே வாங்கி வையுங்கள். முகம் சுளித்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். ரசீது கைக்கு வந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் பின் அடித்த துண்டுச் சீட்டு விமான நிலையத்தில் எங்காவது கழன்று விழுந்துவிடும்.