உரிமை விடுதலைத் தாள் எப்போது ஒப்பந்தமாகிறது?

கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய நவீனச் சுரங்கத் தொழில், 2001 பிப்ரவரி 28ஆம் நாளுடன் முடிவுக்கு வந்தது. இச்சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்றன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பொதுத்துறை அமைப்பு அவற்றை நடத்தி வந்தது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு வேலை தந்த இடத்தில், மூடும்போது எஞ்சியிருந்தோர் மூவாயிரத்துச் சொச்சம் பேரே. அவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர்.

முன்னரே பலர் விருப்ப ஓய்வு பெற்றுச் சென்றனர். மூடலின்போது இருந்தோருக்குச் சிறப்பு இறுதிப்பயன் தொகுப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. அதில் வரவேண்டிய நிலுவை குறித்த கோரிக்கை பல்லாண்டுகள் நீடித்தது. பணி முடிந்து கணக்குத் தீர்க்கும்போது, “சேர வேண்டியவை யாவும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எவ்வித உரிமைக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்குவது எந்தத் தொழிலிலும் வழக்கமே. குடும்பச் சொத்தில் தன் பங்கை விட்டுக் கொடுப்பவர் எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்துக்கு இது உறவுடையது. இத்தகைய தாள் எப்போது கையெழுத்திட்டவரைக் கட்டுப்படுத்தும், எப்போது கட்டுப்படுத்தாது என்பது கோலார் போன்ற தொழில் நகரில் ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று.

கையொப்பம் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது பரவலான எண்ணம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, தகுதியுடையோர் தம் சுதந்திரமான இசைவுடன், சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனுக்காகவும் நோக்கத்துக்காகவும் செய்துகொள்ளும் உடன்பாடே ஒப்பந்தமாகும். கையொப்பம் அந்த உடன்பாட்டுக்குச் சான்று மட்டுமே. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டுவது வரி பற்றிய செய்தி. அது உடன்பாட்டுக்கு உயிர் கொடுப்பதில்லை.

மறுபயன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 30 ஆண்டு பணியாற்றி, கடைசியாக மாதம் 5,200 ரூபாய் ஊதியம் பெற்ற ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியத்தை, மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட்டது. அதன்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய்; மொத்தம் 90,000 ரூபாய். இத்தொகையைக் கொடுத்துவிட்டு, “வேறெந்த உரிமையும் கோரேன்” என்று நிர்வாகம் எழுதி வாங்கினால், தொழிலாளி புதிதாகப் பெற்றது ஒன்றுமில்லை. முன்னரே கடமைப்பட்ட ஒன்றைச் செய்வது மறுபயன் ஆகாது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சட்டப்படியான பாக்கிக்கு மேல் ஒரு கூடுதல் தொகை வருகிறதே, அதுவே விடுதலைக்கு ஈடாக நிற்பது.

ஆயினும் இந்தியச் சட்டத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. தனக்கு வரவேண்டிய கடனைத் தானே முழுவதுமோ பகுதியோ தள்ளிவிட 63ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதற்கு மறுபயன் தேவையில்லை. ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு இரண்டாயிரம் பெற்று, முழுக் கடனும் தீர்ந்ததாக ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்ததே என்று சட்டத்தின் எடுத்துக்காட்டே கூறுகிறது. ஆங்கிலப் பொதுச் சட்டம் இதை ஏற்பதில்லை. ஆகவே மறுபயன் இல்லை என்று சொல்லி மட்டும் ஒரு தாளைத் தள்ளிவிட முடியாது. தள்ளப்பட்ட உரிமை தள்ளக்கூடிய வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அந்த வகையைச் சேராத உரிமைகள் பல. பணிக்கொடைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அதற்கு முரணான எந்த ஒப்பந்தத்தையும் மீறி அச்சட்டமே நிற்கும் என்றது. மேற்கண்ட தொழிலாளி 60,000 ரூபாய் பெற்று “கணக்குத் தீர்ந்தது” என எழுதிக் கொடுத்திருந்தாலும், மீதி 30,000 ரூபாயை அவர் கேட்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. பணியில் ஏற்பட்ட உடற்கேட்டுக்கான இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அதன் 17ஆம் பிரிவு. தொகையைப் பேசி முடித்தாலும் அந்த உடன்பாட்டை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதியாவிடில் முதலாளி முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பாவார். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், ஆணையர் வேறு வகையில் பணித்தாலன்றி, கழித்துக்கொள்ளவும் இயலாது. இவ்விரு சட்டங்களும் நாடாளுமன்றம் 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டன.

இசைவு பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளில், தமிழ் மட்டும் அறிந்தவர் கைநாட்டு வைத்தால் அது தானாகவே செல்லாததாகிவிடாது. அதில் இருப்பதை வேறாகப் படித்துக் காட்டியிருந்தால் மோசடி அல்லது தவறான எடுத்துரை ஆகும்; அப்போது கையெழுத்திட்டவர் விரும்பினால் அதை விலக்கிவிடலாம். பணத் தேவை மட்டும் வற்புறுத்தல் ஆகாது. ஆனால் தானே ஒப்புக்கொண்ட பாக்கியையும், “முழுத் தீர்வு” என்று எழுதித் தந்தால்தான் கொடுப்பேன் என நிறுத்தி வைப்பது வேறு. நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போகாரா பாலிஃபேப் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதையே கூறியது: அத்தகைய நெருக்கடியில் தரப்பட்ட விடுதலைச் சீட்டு கோரிக்கையை அடைத்துவிடாது. நெருக்கடி இருந்ததை மெய்ப்பிக்கும் சுமை கையெழுத்திட்டவருடையது. தாமதம் அவருக்கு எதிராகவே பேசும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பொதுத்துறை வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டம் பற்றிய ஸ்வர்ணாக்கர் வழக்கில், ஊழியரின் விண்ணப்பமே முன்மொழிவு என்றும், வங்கி ஏற்கும்வரை அதைத் திரும்பப் பெறலாம் என்றும் 2002 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஆனால் பயனைப் பெற்றுக்கொண்டவர் பின்வாங்க முடியாது. 2003இல் உர நிறுவன ஊழியர்களின் பிந்தால் வழக்கிலும் அவ்வாறே: விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிச் சென்றவர், பழைய ஊதியத் திருத்தத்தைப் பின்னர் கோர இயலாது. கூடுதலாக வாங்கியது எல்லாக் கணக்கையும் முடிப்பதற்கான விலை என்பது நீதிமன்றத்தின் கருத்து. நியாயமான கருத்தே, முடித்தது எது என்று இரு தரப்பும் அறிந்திருந்தால்.

கையெழுத்தே இடாதவரும் கட்டுப்படும் நிலை ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, சமரச அலுவலர் முன் தொழிற்சங்கம் செய்துகொண்ட உடன்பாடு, சங்கத்தில் சேராத தொழிலாளியையும் பின்னர் வேலைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தியது. தனித் தாளைவிடச் சங்கத்தின் பேச்சுவார்த்தை எவ்வளவு கனமானது என்பதை இது காட்டும்.

விடுதலைத் தாளின் சொற்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் லண்டனில் ஒரு தீர்ப்பு, கோலார் சுரங்கங்கள் மூடிய மறுநாள், 2001 மார்ச் 1இல் வெளியாயிற்று. பி.சி.சி.ஐ. வங்கியின் ஊழியர்கள் 1990இல் ஆட்குறைப்பின்போது கூடுதல் தொகை பெற்று, “இருக்கக்கூடிய எல்லாக் கோரிக்கைகளும்” தீர்ந்தன என்று கையெழுத்திட்டனர். அடுத்த ஆண்டு வங்கியின் மோசடி அம்பலமாகி, அங்கு பணியாற்றியதே அவர்களுக்குக் களங்கமாயிற்று. அந்த இழப்புக்கான கோரிக்கையை 1990இல் எவரும் மனத்தில் கொண்டிருக்க முடியாது. ஆதலால் தாளின் பொதுச் சொற்கள் அதை மூடிவிடவில்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

கோலாரில் இக்கேள்விக்கு வேறு முகம் உண்டு. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் 1947இல் கோலார் சுரங்கங்களிலிருந்தே பதிவானதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பாறைத் தூசு நெஞ்சில் படிந்து, மூச்சுத் திணறல் வெளிப்பட ஆண்டுகள் ஆகலாம். கையெழுத்திடும் நாளில் நோய் இருப்பதைத் தொழிலாளியே அறிந்திருக்க மாட்டார். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவரது விடுதலைத் தாள் இழப்பீட்டைத் தடுக்காது. ஆனால் பணியிலிருந்து விலகியபின் தோன்றும் தொழில் நோய்க்கு அச்சட்டம் ஒரு கால எல்லையும் வைத்தது: விலகிய இரண்டாண்டுகளுக்குள் அறிகுறிகள் தோன்ற வேண்டும். 2001 பிப்ரவரியில் கூண்டில் கடைசியாக மேலே வந்த ஒருவருக்கு, அந்த எல்லை 2003 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது.