ஓசையில்லாத் தவறு

சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜா மெட்டு என்று தேயிலைத் தோட்டங்கள் தொடர்கின்றன. அங்கே கொழுந்து பறிக்கும் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், கண் மருத்துவரைப் பார்க்க மலையிறங்கித்தான் ஆகவேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். கண்ணோ நன்றாகத் தெரிகிறது. அதனால் பலர் இறங்குவதில்லை.

சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும் விதம் இந்தத் தயக்கத்துக்குத் துணைபோகிறது. விழித்திரையின் நுண்குழாய்கள் முதலில் புள்ளி புள்ளியாகப் புடைக்கும். பிறகு நீரும் குருதியும் கசியும். பார்வையின் மையப்பகுதி பாதிக்கப்படும்வரை பெரும்பாலும் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் விழித்திரையைப் படமெடுத்தால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மருத்துவரே அருகில் இருக்கவேண்டும் என்பதில்லை. படம் அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

இதற்கான அருமையான முயற்சி ஒன்று இந்த மலையடிவாரப் பள்ளத்தாக்கிலேயே நடந்தது. 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் பார்வை மையங்களோடு வைஃபை வழியாக இணைத்தார்கள். அதற்குத் தொழில்நுட்பத் துணை நின்றது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழு. சாதாரண வைஃபை கருவி ஒரு பொட்டலத் தகவலை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோ நொடிகளே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் தொலைவு என்றால் ஒளி போய்த் திரும்பவே 100 மைக்ரோ நொடி ஆகும். பதில் வருவதற்குள் கருவி பொறுமையிழந்து அதே தகவலை மறுபடி அனுப்பும், இணைப்பு திணறும். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி குழுவினர் மென்பொருளை மாற்றினார்கள். பெட்டி அதேதான்; உள்ளிருந்த கட்டளைகள் மட்டும் மாறின. தேனியில் இருந்த மருத்துவர் சிற்றூரில் இருந்த நோயாளியோடு திரையில் பேச முடிந்தது.

அந்த மென்பொருள் செய்தி அனுப்பியது. நோய் இருக்கிறதா என்று சொல்லவில்லை. இன்றைய மென்பொருள் அதையும் சொல்கிறது. அப்போது ஒரு சிறு மாற்றம்கூட யாருடைய கண் தப்பும் என்பதைத் தீர்மானிக்கும் செயலாகிவிடுகிறது.

2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள் பற்றியது அது. படங்கள் வந்த இடங்களில் அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. இந்த மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மருத்துவரிடம் அனுப்புவது என்ற கோட்டை மனிதர்கள்தான் வரைகிறார்கள். போடியில் ஏலக்காய் சலிக்கும் சல்லடையின் கண்ணைச் சற்றே மாற்றினால், காய் அதேதான் என்றாலும் மேலே நிற்பதும் கீழே விழுவதும் மாறிவிடும் அல்லவா? அதுபோலத்தான் இந்தக் கோடும்.

அந்தக் கட்டுரையே இரண்டு கோடுகளைச் சோதித்துக் காட்டியது. ஒரு கோட்டில் நோயுள்ளவர்களில் 97.5 சதவீதம் பேர் பிடிபட்டார்கள், நோயற்றவர்களில் 93.4 சதவீதம் பேர் சரியாக விலக்கப்பட்டார்கள். இன்னொரு கோட்டில் இவை 90.3, 98.1 என்று மாறின. ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் 80 பேருக்குச் சிகிச்சை தேவை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். முதல் கோடு 2 பேரைத் தவறவிடும். 61 பேரை வீணாக அலையவைக்கும். இரண்டாவது கோடு 17 பேரைத்தான் வீணாக அலையவைக்கும். ஆனால் 8 பேரைத் தவறவிடும். இத்தனைக்கும் மாறியது ஒரே ஓர் எண்.

இப்படி ஓர் எண்ணை மாற்ற யாருடைய அனுமதி வேண்டும்? இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் நோயறியும் மென்பொருளும் சட்டப்படி மருத்துவக் கருவிதான். இந்த விதிகளின் ஆறாவது அட்டவணை மாற்றங்களைப் பெரியவை, சிறியவை என்று பிரிக்கிறது. பயன்பாடு, செயல்திறன், மூலப்பொருள், கிருமிநீக்க முறை போன்றவற்றைத் தொடும் மாற்றம் பெரியது, முன்அனுமதி வேண்டும். உரிமம் பெற்ற உற்பத்தியாளரின் விண்ணப்பத்துக்கு 45 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். சிறிய மாற்றத்தைச் செய்துவிட்டு 30 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும்.

முன்அனுமதியில்லா மாற்றத்துக்கான இந்த வாசலை இன்னும் அகலமாகத் திறக்கலாமா என்பதே உலகெங்கும் நடக்கும் விவாதம். திறக்கச் சொல்பவர்களின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு ஒரு மென்பொருள் திருத்தம் வெளியானது. வெளியாள் ஊடுருவி இதயத்துடிப்பையே மாற்றிவிடக்கூடிய பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் அது. மருத்துவமனையில் மூன்று நிமிட வேலை. இதுபோன்ற ஓட்டை தெரிந்த பிறகு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஆபத்துதான். தாய்லாந்தின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே ஊர்ப்புற மருத்துவ மையங்களில் கூகுளின் விழித்திரை மென்பொருளைப் பயன்படுத்தியபோது, முதல் ஆறு மாதங்களில் அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை 'தெளிவில்லை' என்று அது ஒதுக்கியது. ஆய்வகத்தில் இருந்த வெளிச்சம் ஊர்ப்புற அறையில் இல்லை. இடத்துக்கேற்பத் திருத்த முடியாத மென்பொருள், மழையும் மூடுபனியும் மின்வெட்டும் உள்ள மலைக்கு உதவாது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 1979 முதல் 2012 வரை இதயத்தில் பொருத்தும் 77 கருவிகள் முழுமையான ஒப்புதல் பெற்றன. அவற்றில் பின்னர் செய்த மாற்றங்களுக்கு 5,829 துணை ஒப்புதல்கள் தரப்பட்டன என்று 2014-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படித் துணை ஒப்புதலில் 2004-இல் வந்ததுதான் மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்பிரிண்ட் ஃபிடலிஸ் என்ற மெல்லிய மின்கம்பி. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியிலிருந்து இதயத்துக்குள் செல்வது. பழைய கம்பியின் தொடர்ச்சிதானே என்று மனிதர்களிடம் புதிய சோதனை கேட்கப்படவில்லை. கம்பிகள் முறியத் தொடங்கின. காரணமின்றி மின்னதிர்ச்சி வாங்கியவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. 2007 அக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் சுமார் 2,68,000 கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. அதை வெளியே எடுப்பதே உயிருக்கு ஆபத்தான அறுவைச் சிகிச்சை.

மென்பொருளை அப்படி அறுத்தெடுக்க வேண்டியதில்லை, பழைய பதிப்புக்கு உடனே திரும்பிவிடலாம், அதனால் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதில் தவறில்லை என்பார்கள். அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் திருத்தி இதற்கு ஒரு வழி வகுத்தது. எதையெல்லாம் மாற்றுவோம், எப்படிச் சோதிப்போம், எந்த எல்லையைத் தாண்டமாட்டோம் என்று தயாரிப்பாளர் முதலிலேயே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கவேண்டும். எல்லைக்குள் நடக்கும் மாற்றத்துக்கு மறுபடி விண்ணப்பம் வேண்டாம். இது நல்ல வழி என்றே நான் நம்புகிறேன். ஆனால் இது நிற்பது ஒரு நம்பிக்கையின் மேல்: திருத்தம் பிழையானால் யாராவது கவனித்துவிடுவார்கள்.

விழித்திரை மென்பொருளில் அந்த நம்பிக்கை பாதிதான் செல்லும். முதல் கோட்டில் வீணாக அனுப்பப்பட்ட 61 பேரையும் மருத்துவர் பார்ப்பார். 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்புவார். கூட்டம் பெருகினால் உடனே கேள்வி எழும். இரண்டாவது கோட்டில் தவறவிடப்பட்ட 8 பேரை யாரும் பார்ப்பதில்லை. 'இயல்பு' என்ற சீட்டோடு அவர்கள் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார்கள். புகார் செய்ய அவர்களுக்குக் காரணமே தெரியாது. மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய நமக்கு ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் 2015-இல் தொடங்கியது. அது பெரிதும் உதவும் திட்டம். ஆனால் யாரோ பாதிப்பை உணர்ந்து தெரிவித்தால்தான் அதன் காதுக்கு எட்டும். நோயைத் தவறவிடும் பிழை ஓசையெழுப்புவதில்லை.

எண்ணிக்கையும் ஒரு தடை. ஒரு சிறு மையத்தில் மாதம் நூறு பேர் வந்தால், தவறவிடப்படுபவர் ஒருவருக்கும் குறைவு. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்பது அங்கிருப்பவர் கண்ணில் படாது. பல மையங்களின் முடிவுகளை ஒன்றுசேர்த்தால்தான் வேறுபாடு தலைதூக்கும்.

அதனால் ஒப்புதலைத் தளர்த்தும் எந்த விதியோடும் மூன்று கடமைகள் சேர்ந்தே வரவேண்டும். ஒன்று, 'இயல்பு' என்று மென்பொருள் சொன்ன படங்களில் ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் எடுத்து மருத்துவர் மறுபடி பார்ப்பது. இரண்டு, நோயாளியின் சீட்டில் மென்பொருளின் பதிப்பு எண்ணை அச்சிடுவது. பிழை தெரியும் நாளில் யாரைத் திரும்ப அழைக்கவேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். மூன்று, மலைப்பகுதி மையங்களின் முடிவுகளைத் தனியாகத் தொகுப்பது. நகரத்தின் பெரிய எண்களோடு கலந்தால் அவை கரைந்துபோகும்.

இந்த மூன்றும் இருந்தால் ஒப்புதலைத் தாராளமாக எளிதாக்கலாம். நல்ல திருத்தங்கள் மலைக்கும் விரைவில் ஏறும். இவை இல்லாமல் எளிதாக்கினால், சென்னையில் இருப்பவர் இன்னொரு மருத்துவரிடம் காட்டித் தப்பிவிடுவார். அதற்கு வழியில்லாத எஸ்டேட் தொழிலாளிதான் அந்த எளிமையின் விலையைத் தன் பார்வையால் கொடுப்பார்.