பேரருவி வயரும் ஐந்தருவி வயரும்

சாரல் சீசனுக்குத் தென்காசி வந்து, குற்றாலத்துல குளிச்சுட்டு வீட்டுல சும்மா இருக்கும்போதுதான் பரண்ல கிடக்குற பிஎஸ்2 ஞாபகம் வரும். எடுத்துப் புது எல்இடி டிவியில மாட்டுனா எழுத்து மங்கல், ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கும். "பெட்டி போச்சு, காயலான் கடையில போடு"ன்னு வீட்டுல ஒரு குரல் வரும். போட்டுடாதீங்க மக்கா! கோளாறு பெட்டியில இல்ல.

பிஎஸ்2 வெளிவந்தது 2000-ல், டப்பா டிவி காலத்துல. நம்ம ஊர் பால் முறையில ஒரு படத்துக்கு 576 கோடு. அதுவும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவைன்னு நொடிக்கு 50 தடவை வரும். டப்பா டிவி வந்தபடியே வரைஞ்சிடும். எல்இடி டிவி இரண்டையும் கோத்து, பெருசாக்கியும் காட்டணும். 720×576 என்பது சுமார் 4 லட்சம் புள்ளி. ஃபுல் எச்டி 20 லட்சம். அதாவது ஒரு புள்ளியை அஞ்சாக்கணும். உள்ளே வர்றது கலங்கலா இருந்தா, கலங்கலும் சேர்ந்து பெருசாகும்.

கலங்கலுக்கு முக்கியக் காரணம் அந்த மஞ்சள் வயர். பேரருவி மாதிரி வெளிச்சம், நிறம் எல்லாம் ஒண்ணா விழுது. டிவியால முழுசாப் பிரிக்க முடியாது. காம்போனென்ட் வயர் ஐந்தருவி மாதிரி. பச்சையில வெளிச்சம், நீலத்துலயும் சிவப்புலயும் நிறம், மிச்ச ரெண்டுல சத்தம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. மஞ்சள் வயர் இருக்கும்போதே, டிஸ்க் போடாம ஆன் பண்ணி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல காம்போனென்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய்-னு தொடங்குறதுக்கு மாத்துங்க. மறந்தா கலர் கன்னாபின்னான்னு வரும்.

2. ஆஃப் பண்ணிட்டு வயரை மாத்துங்க. சிவப்புப் பின் ரெண்டு இருக்கும். வெள்ளையோட ஜோடியா வர்றது சத்தத்துக்கு.

3. டிவியில காம்போனென்ட் ஓட்டை இல்லையா? பிஎஸ்2 பின்பக்கம் நேரா சொருகுற எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்குங்க. மஞ்சள் வயரை எச்டிஎம்ஐ ஆக்குற பெட்டி வேண்டாம். கலந்த பிறகு வாங்குற சிக்னலை அது தெளிய வைக்காது.

4. டிவியில கேம் மோடு ஆன், ஷார்ப்னெஸ் கம்மி, அளவு 4:3. பட்டன் அழுத்துனதும் ஆள் குதிக்கிறது அப்பதான் உடனே தெரியும்.

5. நம்ம ஊர் ஈரத்துல பின்கள்ல பச்சை பிடிச்சிருக்கும். கரண்டைப் பிடுங்கிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு சொருகுங்க.

இதனால எச்டி வந்துடாது. 4 லட்சம் புள்ளி 4 லட்சம்தான். ஆனா மங்கல் குறையும், எழுத்தைப் படிக்கலாம். அதுக்கும் மேல, அந்த 8 எம்பி மெமரி கார்டுல அண்ணன் பாதியில விட்டுட்டு வேலைக்குப் போன ஆட்டம் அப்படியே இருக்கலாம். காயலான் கடைக்குப் போயிருந்தா அதுவும் போயிருக்கும்.