றோ.க.த.க. பாடசாலை: பெயரும் உரிமையும்

திருகோணமலை முதலாய தமிழ் மாவட்டங்களிற் கத்தோலிக்கர் வாழும் சிற்றூர்களின் பாடசாலைப் பெயர்ப்பலகைகளில் 'றோ.க.த.க.' என்னும் எழுத்துக்களைக் காணலாம். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் என்பதன் குறுக்கமே அது. ஆயின், இப்பாடசாலைகளை நடத்துவது திருச்சபையன்று, அரசே. பெயர் நிலைக்க உரிமை மாறியவாற்றை ஈண்டு நோக்குவோம்.

1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின் உதவி நன்கொடை முறை விரிவடைந்தது. கிழக்கில், 1893 இல் அமைக்கப்பெற்ற திருகோணமலை மறைமாவட்டத்தை இயேசு சபைத் துறவிகள் பொறுப்பேற்றனர். சிற்றூர்ப் பாடசாலை பெரும்பாலும் ஆலயத்தை அடுத்த ஓலைக்கொட்டகையே. சிலவிடங்களில் ஆலயமே பாடசாலையாகவும் விளங்கிற்று. குருவானவர் இடைக்கிடையே வந்துசெல்லும் ஊர்களில் ஆசிரியரே செபம் சொல்லிக்கொடுப்பார், கடிதம் எழுதிக்கொடுப்பார், வழக்குத் தீர்ப்பார். ஆசிரியர் சம்பளம் அரசினது, முகாமை குருவானவரது, கம்பு வெட்டியதும் கூரை வேய்ந்ததும் ஊராரது உழைப்பு. இம்மூன்றாவது பங்கு எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

இம்முறையைக் குறையற்றதெனக் கொள்ளலாகாது. ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் முகாமையாளர் கையில் இருந்தமையால், அவரது மனம் கோணாது நடக்கவேண்டிய நிலை ஆசிரியர்க்கு இருந்தது. ஏற்கெனவே பாடசாலை உள்ள இடத்தருகே புதிய பாடசாலைக்கு நன்கொடை மறுத்த தூர விதி, காலத்தால் முந்திய மிஷன்களுக்கே வாய்ப்பாயிற்று. சைவரும் பௌத்தரும் கொண்ட மனக்குறை நியாயமானதே.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையைக் கல்விப் பணிப்பாளருக்கு மாற்றிற்று. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் ஆதனங்களையும் அரசுடைமையாக்க வழிசெய்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பலவிடங்களிற் பாடசாலைகளுட் குடிபுகுந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 1961 சனவரியில் பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து இணக்கம் காண முயன்றார். சைவ முகாமையிலிருந்த பாடசாலைகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டன என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இங்கு ஒரு வேறுபாடு உண்டு. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள் நன்கொடையும் கட்டணமுமின்றித் தனித்து இயங்கச் சட்டம் இடமளித்தது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அவ்வழியே திருச்சபையிடம் நிலைத்தது. மூன்றாந்தரத்தனவான சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு அத்தெரிவு இல்லை. இருந்திருப்பினும், மீனவரும் கமக்காரரும் ஆசிரியர் சம்பளத்துக்கு எங்கே போவர்?

அரசு பொறுப்பேற்றபின் சம்பளமும் தளபாடமும் ஒழுங்காயின. பிள்ளைகளுக்கு அவரவர் சமயத்தைக் கற்பிக்கவும் ஏற்பாடு இருந்தது. ஆனால், ஆசிரியர் திணைக்கள இடமாற்றத்தில் வந்துசெல்பவரானார். கூரை ஒழுகினால் ஊரார் ஏணி எடுப்பதற்குப் பதிலாக மனு எழுதினர். உரிமைப் பிணக்கில் அரசும் திருச்சபையுமே பேசின. கொட்டகை கட்டியவரை இரு தரப்பாரும் பங்காளராக எண்ணியதாகத் தெரியவில்லை. பலகையிலுள்ள நான்கு எழுத்துக்களிலும் ஊரார்க்கென ஓரெழுத்து இல்லை.