சொந்த ஊர் தொலைவில். சத் பூஜை மும்பையில்

தீபாவளி முடிந்ததும் மும்பையிலுள்ள எங்கள் கிளையில் பீகார் மாநில வாடிக்கையாளர்களின் வரிசை நீளத் தொடங்கும். அவர்களுக்குத் தீபாவளியினும் பெரிய திருநாளான சத் பூஜை, அதற்கு ஆறு நாள் கழித்து வளர்பிறைச் சஷ்டியில் வருகிறது. வடநாட்டு வழக்கில் அது கார்த்திகை மாதம். நம் கணக்கில் பெரும்பாலும் ஐப்பசி. ஊர் செல்ல இயன்றவர்கள் அதற்குள் ரயிலேறியிருப்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் செல்ல இயலாதவர்கள்.

சென்ற ஆண்டு அவ்வாறு நின்றவர்களுள் தர்பங்கா மாவட்டத்தைச் சேர்ந்த தச்சர் ஒருவரும் இருந்தார். இந்நோன்பை ஒருமுறை ஏற்றவர் ஆண்டுதோறும் தவறாது நோற்க வேண்டும்; முதுமையில் மாமியார் மருமகளிடம் அதனை ஒப்படைப்பது வழக்கம். அவருடைய தாயார் அவ்வாண்டுதான் மருமகளிடம் ஒப்படைத்திருந்தார். முதல் நோன்பு சொந்த ஊர்க் குளக்கரையில் நடக்க வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். ஆனால் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிட்டன.

நோன்பு நான்கு நாள் நீள்கிறது. முதல் நாள் நீராடிச் சுரைக்காயும் கடலைப்பருப்பும் சேர்த்த சோறு உண்பர். இரண்டாம் நாள் பகல் முழுவதும் பட்டினி. இரவில் வெல்லப் பாயசமும் ரொட்டியும் உண்டபின், ஏறக்குறைய 36 மணி நேரம் ஒரு சொட்டு நீரும் அருந்துவதில்லை. மூன்றாம் நாள் மாலை நீரில் நின்று, மறையும் சூரியனுக்கு அர்க்கியம் அளிப்பர். நான்காம் நாள் காலை உதிக்கும் சூரியனுக்கு அளித்தபின் நோன்பு நிறைவுறும். மூங்கில் முறத்தில் கரும்பு, தேங்காய், வாழைப்பழம், இலையோடு கூடிய மஞ்சள், இஞ்சி ஆகியவற்றை வைப்பார்கள். முதன்முறை கண்டபோது நம் பொங்கல் சந்தையே நினைவுக்கு வந்தது. கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரிக்கும் டேக்குவா மட்டும் நமக்குப் புதிது.

இவ்வழிபாட்டிற்குப் புரோகிதர் கட்டாயமில்லை, கோயிலும் தேவையில்லை. நீரும் சூரியனும் போதும். அதனாலேயே இத்திருநாள் எங்கும் உடன் செல்கிறது. மும்பையில் ஜூஹு கடற்கரை அன்று மனிதத் தலைகளால் நிறைந்துவிடும். கைக்குழந்தையுடன் அந்நெரிசலுக்கு அஞ்சிய தச்சர், குடியிருப்பின் மொட்டை மாடியில் பெரிய தொட்டி ஒன்றில் நீர் நிரப்ப உரிமையாளரிடம் அனுமதி பெற்றிருந்தார்.

அவர் எங்களிடம் வந்தது தாயாருக்குப் பணம் அனுப்புவதற்காக. பணம் அனுப்புவதில் தடையில்லை. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் சேவை விடுமுறை நாள்களிலும் நாள் முழுவதும் இயங்குகிறது. சிக்கல் மறுமுனையில் இருந்தது. வங்கி விடுமுறைகள் மாநிலந்தோறும் வேறுபடும். சத் பூஜைக்கு மும்பையில் கிளைகள் திறந்திருக்க, பீகாரில் மூடியிருக்கும். கணக்கில் சேர்ந்த பணம் முதியவரின் கைக்குச் சேர வேண்டுமே! ஏடிஎம் அட்டை அவரிடம் இல்லை. ஊரிலுள்ள வங்கி மித்ராவிடம் கைரேகை வைத்துப் பணம் பெறலாம். ஆனால் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி சில வேளை ஏற்பதில்லை, திருநாளை ஒட்டி மித்ராவிடம் ரொக்கமும் தீர்ந்துவிடக்கூடும். ஆகவே விடுமுறைக்கு முன்பே தாயார் மித்ராவிடம் சென்றுவர ஏதுவாக, அன்றே பணத்தை அனுப்பிவைத்தோம். உண்மையில் தீபாவளிக்கு முன்பே அனுப்புவதே நலம். பணம் பெறுவதற்கு யூபிஐ கடவு எண்ணைக் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரர் என்பதையும், வழக்கம்போல், தொலைபேசியில் தாயாரிடம் சொல்லச் சொன்னேன்.

அவருடைய அழைப்பின்பேரில் மூன்றாம் நாள் மாலை மொட்டை மாடிக்குச் சென்றிருந்தேன். தர்பங்காவில் சூரியன் மும்பையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னரே மறைந்துவிடும். குளக்கரையிலிருந்து வீடு திரும்பிய தாயார் கைபேசித் திரையில் காத்திருந்தார். முறத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், கரும்பை எப்புறம் நிறுத்த வேண்டும் என்று அங்கிருந்தே மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையும் வேறுபாடு இருந்தது. ஊரில் சூரியன் உதித்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்தே இங்கு உதித்தது. அதுவரை அப்பெண் தொட்டி நீரில் நின்றுகொண்டே இருந்தாராம். பத்து மணிக்குத் தச்சர் ஒரு டப்பா நிறைய டேக்குவாவுடன் எங்கள் கிளைக்கு வந்தார்.